சிறிது நேரம் ஓடி நின்றுபோகும் பழைய டீசல் லாரி: அறிகுறி வழியே பழுதைக் கண்டறிதல்

பழைய லாரி ஒன்று செல்ஃப் அடித்தவுடன் ஒழுங்காகப் பிடித்து, ஓரிரு நிமிடமோ அரை மணி நேரமோ ஓடி, பிறகு காரணம் தெரியாமல் நின்றுபோகும்போது, பல பட்டறைகளில் முதலில் சந்தேகிக்கப்படுவது டீசலை அழுத்திச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப்தான். அது விலை உயர்ந்த பாகம்; உள்ளே நடப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இத்தகைய பழுதுகளில் பெரும்பாலானவை டேங்குக்கும் பம்ப்புக்கும் இடைப்பட்ட குழாய்களிலும் வாஷர்களிலும் வலைகளிலும்தான் இருக்கும். பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுவதற்கு முன், வண்டி எப்படி நிற்கிறது, எவ்வளவு நேரம் ஓடிய பின் நிற்கிறது, நின்றபின் எதைச் செய்தால் மீண்டும் ஓடுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஓட்டுநரிடமிருந்து தெளிவான விடை பெற்றுவிட்டால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே சொல்லப்படுவன மெக்கானிக்கல் இன்லைன் பம்ப் பொருத்திய வண்டிகளுக்கானவை. 697 என்ஜின் பூட்டிய டாடா லாரிகளும், அதே காலத்து லேலண்ட் லாரிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆறு சிலிண்டரும் 5,675 சி.சி. கொள்ளளவும் கொண்ட அந்த 697 என்ஜினின் பக்கவாட்டில் இருப்பது, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிய பிறகும் பட்டறைகளில் மைக்கோ பம்ப் என்றே அழைக்கப்படும் பம்ப். சென்சார்களும் கணினிப் பெட்டியும் கொண்ட காமன் ரெயில் வண்டிகளுக்கு இந்த வழிமுறை பொருந்தாது. அவற்றை ஸ்கேனர் இல்லாமல் தொடுவது வீண்.

தொடங்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கேபினைத் தூக்கும் வண்டியாக இருந்தால் அதன் பூட்டுக் கம்பி விழுந்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அடிக்கடி நின்றுபோகும் லாரியைச் சோதனைக்காகச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசர் சுற்றாததால் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் காற்று குறைந்துகொண்டே போகும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் இந்த நிலை ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டீசல் செல்லும் பாதை

டேங்கின் அடிப்பகுதிக்குச் சற்று மேல் வரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். அதன் முனையில் சிறிய வலை இருக்கும். அங்கிருந்து டீசல் சேஸிஸ் ஓரமாகச் செல்லும் குழாய் வழியாக, நீர் பிரிக்கும் கிண்ணம் இருந்தால் அதையும் கடந்து, பம்ப்பின் பக்கவாட்டில் பூட்டியுள்ள ஃபீட் பம்ப்புக்கு வருகிறது. ஃபீட் பம்ப் அதை இரண்டு ஃபில்டர்கள் வழியாகத் தள்ளி, இன்ஜெக்ஷன் பம்ப்பின் கேலரியில் (உள்ளே டீசல் தேங்கும் அறையில்) ஏறக்குறைய 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் நிறுத்தி வைக்கிறது. தேவைக்கு மிஞ்சியது ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்கே திரும்பிவிடும்.

இந்தப் பாதையை ஃபீட் பம்ப்பை நடுவில் வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம். பின்னால் இருப்பது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஒரு வாஷர் நசுங்கியிருந்தால் டீசல் வெளியே கசியும், தூசி படிந்து கறுப்பாகும், எவர் கண்ணுக்கும் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் அதே அளவு விரிசல் இருந்தால் வெளியே எதுவும் வராது. ஓட்டை விழுந்த குழலில் இளநீர் குடிப்பதைப் போல, டீசலுடன் காற்றும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே டீசல் சொட்டும் இடத்தைத் தேடிப்பிடித்து இறுக்கிவிட்டுப் பழுது தீர்ந்தது என்று நினைப்பவர்கள், வண்டியை நிறுத்துகிற இடத்தைப் பெரும்பாலும் தொட்டிருக்கவே மாட்டார்கள். உலர்ந்து சுத்தமாகத் தெரியும் இணைப்புகளையே அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இந்த என்ஜினில் டீசல் எரிவதற்கு மின்பொறி தேவையில்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றே அதை எரிக்கிறது. என்ஜினை நிறுத்தக் கையால் இழுக்கும் ஸ்டாப் கேபிள் இருக்கும் வண்டியில், ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நின்றதற்கு பேட்டரியையும் டைனமோவையும் சோதிப்பது நேரத்தை வீணாக்கும் வேலை.

முதலில் விலக்க வேண்டியது: சூடேறி இறுகி நிற்பது

வண்டி இழுவை குறைந்து, ஏதோ பிடித்து இழுப்பதுபோல் நின்று, உடனே செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றவே சிரமப்பட்டால், அது டீசல் பழுது அல்ல. வெப்பமானி, ஆயில் அளவு, ரேடியேட்டர் நீர் ஆகிய மூன்றையும் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவும் கூடாது. ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்து, குச்சியில் டீசல் வாசம் அடித்தால், ஃபீட் பம்ப்பின் தண்டு தேய்ந்து டீசல் பம்ப்பின் கேம் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து என்ஜின் ஆயிலில் கலந்துகொண்டிருக்கக்கூடும். இந்த நிலையில் வண்டியை ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்.

நின்ற பிறகும் செல்ஃப் அடித்தால் என்ஜின் சுதந்திரமாகச் சுற்றுகிறது என்றால் மட்டும் கீழே உள்ளவற்றைத் தொடரலாம்.

அறிகுறி: டீசல் தீர்ந்ததுபோல் முக்கி முக்கி நிற்கிறது, ஹேண்ட் பம்ப் அடித்தால் மீண்டும் ஓடுகிறது

மிகவும் பரவலாகக் காணப்படும் பழுது இதுதான். என்ஜின் பிடித்ததும் நன்றாக ஓடும், சிறிது நேரத்தில் ஓட்டம் ஏறி இறங்கத் தொடங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், பிறகு அடங்கிவிடும். ஃபில்டர் நிறைய டீசல் இருந்தும் இப்படி ஆவதைப் பார்த்துச் சிலர் குழம்புவார்கள். மூடிய கிண்ணத்திலுள்ள டீசல் தானாக இறங்கி ஓடாது; பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் குறைந்ததும் கேலரியில் மிச்சமிருப்பதையும் ஓரளவு இழுத்துக்கொண்டு என்ஜின் சிறிது நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

டேங்கில் டீசல் உண்மையாகவே இருக்கிறதா என்பதைக் குச்சி விட்டுப் பார்த்துவிட வேண்டும். பழைய வண்டியின் டீசல் மீட்டரை நம்பி மணிக்கணக்காகப் பழுது தேடியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, காற்றை முழுவதுமாக வெளியேற்ற வேண்டும். முதல் ஃபில்டரின் தலையிலுள்ள பிளீடர் திருகை இளக்கி, ஃபீட் பம்ப்பின் ஹேண்ட் பம்ப் குமிழைத் திருகி விடுவித்து, நுரையில்லாத டீசல் வரும் வரை அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். பிறகு இரண்டாவது ஃபில்டர், அதன்பின் இன்ஜெக்ஷன் பம்ப்பின் பக்கவாட்டுத் திருகு என்று இதே வரிசையில் செல்ல வேண்டும். வரிசையை மாற்றினால் பின்னால் தங்கிய காற்று, சுத்தம் செய்த இடத்துக்கே மறுபடி வந்துசேரும். அதன் பிறகும் என்ஜின் பிடிக்காவிட்டால், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில்களின் பக்கத்துக் குழாய் நட்டுகளை அரைச் சுற்று இளக்கிச் செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். அந்தக் குழாய்களில் ஓடுவது 200 பாரையும் தாண்டும் அழுத்தம் என்பதை மறக்கக் கூடாது. மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. ஆகவே கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டையை நீட்டிப் பார்க்கலாம்.

காற்றெடுக்கும் வேலை முடிந்ததும் ஹேண்ட் பம்ப் குமிழை முழுவதும் அமுக்கித் திருகிப் பூட்ட வேண்டும். அரைகுறையாக விடப்பட்ட குமிழ் வழியாகவே மறுபடி காற்று புகுந்து, செய்த வேலை வீணாவது உண்டு.

ஹேண்ட் பம்ப் அடிக்கும்போது கை உணர்வதைக் கவனித்தால், எந்த அளவுமானியும் இல்லாமலேயே பல செய்திகள் கிடைக்கும். சில முறை அடித்ததும் குமிழ் கனத்து, ஃபில்டர் பக்கத்தில் ஓவர்ஃப்ளோ வால்வு மெல்லிய சத்தத்துடன் திறந்தால், உறிஞ்சுவதும் தள்ளுவதும் சரியாக உள்ளன. எவ்வளவு அடித்தாலும் குமிழ் கனக்காமல் வெறுமையாகவே ஏறி இறங்கினால், உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. அல்லது ஃபீட் பம்ப்பின் உள்ளே இருக்கும் வால்வுகள் உட்காரவில்லை. அல்லது ஓவர்ஃப்ளோ வால்வு எப்போதும் திறந்தே இருக்கிறது. மாறாக, குமிழை மேலே இழுப்பதே கடினமாக இருந்து, விட்டதும் அது தானாகக் கீழே இழுபட்டால், டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

இதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் கேன் சோதனை முடிவைச் சொல்லிவிடும். ஃபீட் பம்ப்பின் உறிஞ்சும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் புதிய ஹோஸ் ஒன்றைப் பூட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான டீசல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனுக்குள் விட்டு, கேனை என்ஜின் உயரத்தில் பத்திரமாகக் கட்டி, காற்றெடுத்து என்ஜினை ஓட விட வேண்டும். சைலன்சர், எக்ஸாஸ்ட் மானிஃபோல்ட் ஆகியவற்றின் அருகில் கேன் போகக் கூடாது. ரிட்டர்ன் டீசல் டேங்குக்கே போகும் என்பதால் கேன் எதிர்பார்த்ததைவிட விரைவில் காலியாகும். கேன் தீர்ந்து என்ஜின் நின்றதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. முன்பு நின்ற நேரத்தைக் கடந்தும் என்ஜின் ஒழுங்காக ஓடினால், பம்ப்பும் ஃபில்டரும் குற்றமற்றவை; பழுது டேங்க் பக்கத்தில் இருக்கிறது. கேனிலிருந்து எடுத்தும் அதே நேரத்தில் நின்றால், பழுது ஃபீட் பம்ப்பிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. புதிய ஹோஸ் கண்ணாடிபோல் தெளிவான, டீசலைத் தாங்கும் வகையாக இருந்தால் குமிழிகளையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

டேங்க் பக்கம் என்று முடிவானால், ரப்பர் ஹோஸ்களை முதலில் மாற்றிவிடுவது என் வழக்கம். வெளிப்புறம் நன்றாகத் தெரியும் பழைய ஹோஸின் உள்தோல் பிரிந்து, உறிஞ்சும் வேகத்தில் மடிந்து கதவுபோல் அடைத்துக்கொள்வது உண்டு. என்ஜின் நின்றதும் அது விலகிவிடுவதால், குழாயில் ஊதிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஒரு ஹோஸின் விலையையும் இதைத் தேடி அலையும் நேரத்தையும் ஒப்பிட்டால் சோதிப்பதைவிட மாற்றுவதே மலிவு. அதனுடன் கிளிப்புகளையும், டீசல் செல்ல உள்ளே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் இரு பக்கத்துச் செம்பு வாஷர்களையும் மாற்ற வேண்டும். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் இறுகிப்போயிருக்கும். அதையே திருப்பிப் போட்டு, போல்ட்டை இன்னும் பலமாக இறுக்குவது வாஷரையும் கெடுக்கும், மரையையும் கெடுக்கும். நீர் பிரிக்கும் கிண்ணத்தின் ரப்பர் வளையம், ஃபீட் பம்ப்பின் அடியிலுள்ள சிறு வலைக் கிண்ணத்தின் வாஷர் ஆகிய இரண்டும் எளிதில் மறக்கப்படுகின்றன. சுத்தம் செய்யக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அவை சற்றே நகர்ந்து உட்காருகின்றன.

சில வண்டிகளில் டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது எந்தத் தொல்லையும் இருக்காது. பாதிக்குக் கீழே போனதும் நிற்கத் தொடங்கும். டேங்குக்குள் இறங்கும் குழாயின் நடுவில் விரிசலோ துரு அரித்த துளையோ இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. டீசல் மட்டம் துளைக்கு மேல் இருக்கும் வரை அது டீசலையே உறிஞ்சும். மட்டம் இறங்கியதும் காற்றை உறிஞ்சும். டேங்க் நிறைந்திருக்கும்போது பட்டறைக்கு வந்தால் இந்தப் பழுது கண்ணிலேயே படாது.

பழுது ஃபீட் பம்ப் பக்கம் என்று கேன் சோதனை சொன்னால், ஃபீட் பம்ப்பின் வெளியேறும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். டீசல் துடித்துத் துடித்துப் பலமாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஃபீட் பம்ப்பைத் திறந்து, இரண்டு வால்வுகளின் அடியில் தூசு இருக்கிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, பிளஞ்சர் சுலபமாக நகர்கிறதா என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் ஒரு ரிப்பேர் கிட்டில் முடிந்துவிடும்.

டீசல் ஓட்டம் பலமாக இருந்தும் என்ஜின் நிற்கிறது என்றால், ஃபில்டருக்கு அடுத்து ஓவர்ஃப்ளோ வால்வைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் அது சாதாரண பேன்ஜோ போல்ட் போலவே இருக்கும். உள்ளேதான் ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கின்றன. முந்தைய வேலையின்போது இடம் மாறியோ, வால்வு தொலைந்ததாலோ அங்கே வெறும் போல்ட் பூட்டப்பட்டிருந்தால், கேலரியில் அழுத்தம் ஒருபோதும் நிற்காது. ஃபில்டர், ஃபீட் பம்ப், நாசில் என்று எல்லாவற்றையும் மாற்றிய பின்னும் பழுது அப்படியே இருக்கும். வேறு பட்டறையில் பலமுறை திறக்கப்பட்ட வண்டி என்றால் இதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

அறிகுறி: காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகி நின்றுவிடுகிறது, பிறகு நாள் முழுவதும் ஓடுகிறது

இதுவும் காற்றுதான், ஆனால் ஓடும்போது புகுவதல்ல, இரவில் புகுவது. டேங்க் பம்ப்பைவிடத் தாழ்வாக இருப்பதால், எங்காவது நுண்ணிய இடைவெளி இருந்தால் போதும், டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கி அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காலையில் பம்ப்பில் மிச்சமிருக்கும் டீசலில் என்ஜின் பிடித்து, காற்றுக் குமிழி வந்து சேர்ந்ததும் நின்றுவிடுகிறது. டேங்க் நிறைந்திருக்கும் இரவுகளிலும், என்ஜின் பக்கம் தாழ்ந்திருக்குமாறு சரிவில் நிறுத்திய இரவுகளிலும் தொல்லை வராவிட்டால் ஐயமே வேண்டாம். மேலே சொன்ன ஹோஸ், வாஷர்களுடன் ஃபீட் பம்ப்பின் வால்வு இருக்கைகளையும், ஹேண்ட் பம்ப்பின் ரப்பர் வளையத்தையும் பார்க்க வேண்டும். தினமும் காலையில் ஹேண்ட் பம்ப் அடித்து ஓட்டிக்கொள்ளலாம் என்று விடுவது சில வாரங்களுக்குச் சரிப்படும். ஆனால் இடைவெளி பெரிதாகும்போது வண்டி நிற்கும் இடம் வீட்டு வாசலாக இருக்காது.

அறிகுறி: அரை மணி ஓடி நிற்கிறது, சற்று நேரம் விட்டால் எதுவும் செய்யாமலேயே மீண்டும் ஓடுகிறது

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுக்க வேண்டும். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டீசல் செலவாகும் இடத்தை நிரப்பக் காற்று வராததால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஃபீட் பம்ப் இழுக்க முடியாத நிலை ஏற்படுகிறது. மழைநீர் புகாமலிருக்க மூடிக்கு அடியில் பாலித்தீன் தாளை வைத்துத் திருகுவதும், தொலைந்த மூடிக்குப் பதில் துளையில்லாத வேறு மூடியைப் பூட்டுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். மூடியைத் தளர்த்தி வைத்து, பட்டறை வளாகத்திலேயே அதே நேரம் ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஓசை எதுவும் இல்லையென்றால் டேங்கின் அடியைச் சந்தேகிக்க வேண்டும். துருச் செதில்கள், துணி இழை, டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் கறுத்த வழவழப்பான படிவு ஆகியவை உறிஞ்சும் வலையில் வந்து ஒட்டிக்கொள்ளும்; என்ஜின் நின்று இழுவிசை போனதும் உதிர்ந்து கீழே விழும்; ஓடத் தொடங்கியதும் மறுபடி ஒட்டும். உறிஞ்சும் குழாயில் பின்னோக்கிக் காற்றடித்தால் வண்டி இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய கதை தொடங்கும். டேங்கை இறக்கிக் கழுவாமல் இதற்குத் தீர்வு இல்லை. வலை தொல்லை தருகிறது என்று அதை வெட்டி எறிபவர்களும் உண்டு. அந்தக் குப்பை பிறகு ஃபீட் பம்ப் வால்வில் போய் உட்காரும். காலியான டேங்குக்குள் இருக்கும் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், முறையாகக் கழுவி ஆவி நீக்காத டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது.

மூன்றாவதாகச் சொல்லப்படும் காரணம், சூட்டில் பம்ப் எலிமெண்ட் கசிவது. எலிமெண்டில் டீசலை அழுத்தும் பிளஞ்சருக்கும், அது நகரும் உருளையான பேரலுக்கும் இடைவெளி 2 முதல் 3 மைக்ரான் மட்டுமே. அது தேய்ந்தால், சூட்டில் இளகிய டீசல் நாசிலுக்குப் போகாமல் பின்னோக்கி வழியும். ஆனால் இத்தகைய தேய்மானம் வழக்கமாக, ஓடும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்திய சூடான வண்டியை மறுபடி ஸ்டார்ட் ஆக விடாமல் செய்யும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பம்ப்பின் மேல் சிறிது நேரம் போட்டபின் எளிதில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுப்பெறும். சூடான பம்ப்பின்மேல் நேரடியாக நீர் ஊற்றும் வழக்கம் மிகவும் தவறானது. வெளிக்கூடு சட்டென்று சுருங்கினால், அத்தனை நெருக்கமாகப் பொருந்திய பாகங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: நின்ற இடத்தில் நன்றாக ஓடுகிறது, லோடோடு ஏற்றத்தில் இழுவை இழந்து நிற்கிறது

ஐடிலில் தேவைப்படும் டீசலைவிட ஏற்றத்தில் தேவைப்படுவது பல மடங்கு அதிகம். ஆகவே பாதி அடைபட்ட ஃபில்டரும் களைத்த ஃபீட் பம்ப்பும் சமதளத்தில் தங்களை மறைத்துக்கொள்ளும். ஃபில்டர்களை மாற்றுவதே இங்கு முதல் வேலை. முதல் ஃபில்டர் துணி வகையாக இருந்து, அதைக் கழுவிப் போட்டிருந்தாலும், இரண்டாவதாக இருக்கும் காகித ஃபில்டரைக் கழுவிப் போடக் கூடாது. கழுவும்போது காகிதம் கிழிந்தால் அதன் வழியே போகும் தூசு, ஃபில்டரைவிடப் பன்மடங்கு விலையுள்ள எலிமெண்டுகளைத் தேய்த்துவிடும்.

தென்னாட்டில் டேங்கை நிரப்பிக்கொண்டு குளிர்காலத்தில் காஷ்மீர்ப் பக்கம் போகும் லாரிகளுக்கு இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகும். லடாக் பகுதிக்கென்று இந்தியன் ஆயில் 2019இல் தனியாகக் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். அங்கே போய்ச் சேரும்போது டேங்கில் பழைய டீசல் குறைவாக இருக்குமாறு திட்டமிட்டு, அந்தந்த இடத்து டீசலை நிரப்புவதே வழி. டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றும் பழக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, அதைச் செய்யக் கூடாது என்பதைத் தவிர.

அறிகுறி: முக்கல், திணறல் எதுவும் இல்லாமல், அணைத்ததுபோல் சட்டென நிற்கிறது

காற்றோ அடைப்போ இருந்தால் என்ஜின் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் நிற்கும். சட்டென நிற்பது பெரும்பாலும் ஸ்டாப் அமைப்பின் வேலை. கேபிள் வண்டியில், கேபிள் உள்ளே இறுகி, பம்ப்பிலுள்ள ஸ்டாப் லீவர் முழுவதும் ஓட்ட நிலைக்குத் திரும்பாமல் நடுவில் நின்றால், அதிர்வில் சிறிது நகர்ந்தாலும் என்ஜின் நின்றுவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு, லீவரைக் கையால் ஓட்ட நிலைக்குத் தள்ளி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனையின்போது என்ஜினை நிறுத்த லீவரின் அருகிலேயே ஒருவர் நிற்க வேண்டும்.

ஸ்டாப் கேபிளுக்குப் பதில் சோலனாய்டு என்ற மின்காந்தக் கருவி உள்ள வண்டிகளில், அது மின்சாரம் வந்தால் ஓடவிடும் வகையா, மின்சாரம் வந்தால் நிறுத்தும் வகையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வகையில் வயர் முனை தளர்ந்தாலோ, கிரவுண்டு துருப்பிடித்தாலோ என்ஜின் நிற்கும். சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும் வரை ஓடி, விட்டதும் நின்றால், சோலனாய்டை இழுத்த நிலையில் தாங்கிப்பிடிக்கும் சுருள் எரிந்திருக்கலாம். அல்லது சாவி ஓட்ட நிலையில் இருக்கும்போது அங்கே மின்சாரம் வராமல் இருக்கலாம். சோலனாய்டு முனையிலிருந்து ஒரு சிறிய பல்பை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்படி இழுத்துக் கட்டிவிட்டால், அடுத்த முறை நிற்கும்போது பல்பு அணைகிறதா என்று பார்த்தே வயரா சோலனாய்டா என்று முடிவு செய்யலாம்.

சில வண்டிகளில், புகைக்குழாயைத் தட்டால் மூடி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை அழுத்தும்போது காற்றுச் சிலிண்டர் ஒன்று பம்ப்பின் ஸ்டாப் லீவரையும் இழுக்கும். அந்த வால்வு கசிந்து தானாகக் காற்றை அனுப்பினால் ஓட்டுநர் தொடாமலேயே என்ஜின் நிற்கும். இது ஸ்டார்ட் செய்தவுடன் நிகழாது. பிரேக்கின் காற்று டேங்குகளில் அழுத்தம் ஏறிய பிறகே நிகழும். ஆகவே சில நிமிடம் ஓடி நிற்பதுபோல் தோன்றிப் பலரை டீசல் பக்கமே திருப்பிவிடும்.

அறிகுறி: புகையோடு நிற்கிறது

கரும்புகை கக்கி நின்றால் டீசல் குறைவில்லை, காற்றுதான் குறைவு. ஏர் ஃபில்டர், அதிலிருந்து மானிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாய் உள்வாங்கியிருப்பது, எக்ஸாஸ்ட் பிரேக்கின் தட்டு மூடிய நிலையில் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெண்புகையோடு தடதடவென்று அடித்து நின்றால் டீசலில் நீர் கலந்திருக்கலாம். ஃபில்டர் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்துக் கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் நீர் அடியில் தனியாகத் தங்கும். பீப்பாயில் சேமித்த டீசலைப் பயன்படுத்தும் வண்டிகளிலும் மழைக்காலத்திலும் இது அதிகம். நீர் கண்டால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கின் அடி மூடியைத் திறந்து முழுவதும் வடிக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மட்டும் நிற்கிறது, மற்றபடி குறையில்லை என்றால், ஐடில் திருகைச் சற்று ஏற்றி, ஆக்சிலரேட்டர் இணைப்புக் கம்பியின் தேய்மானத்தைப் பார்த்தால் போதும்.

பம்ப் கடைக்குப் போகும் முன்னும் பின்னும்

கேன் சோதனையிலும் நின்று, ஃபீட் பம்ப், ஃபில்டர், ஓவர்ஃப்ளோ வால்வு, ஸ்டாப் லீவர் ஆகிய நான்கும் சரியென்று உறுதியான பின்பே இன்ஜெக்ஷன் பம்ப்பை இறக்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் ராக் பிசின் பிடித்து ஒட்டியிருக்கலாம். என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் பாகங்கள் தேய்ந்திருக்கலாம். இவை பெஞ்சில் மட்டுமே சரிசெய்யக்கூடியவை. சீல் உடைத்துப் பட்டறையிலேயே கவர்னர் திருகைத் திருப்பினால் என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு. இறக்கும் முன் டைமிங் குறிகளைத் தெளிவாகப் பதிந்துகொள்வதும், செய்த சோதனைகளையும் அவற்றின் முடிவுகளையும் தாளில் எழுதிப் பம்ப்போடு கொடுத்தனுப்புவதும், பம்ப் கடைக்காரர் எதைத் தேட வேண்டும் என்பதைச் சுருக்கிவிடும்.

எந்தப் பழுதைச் சரிசெய்திருந்தாலும், டேங்க் நிறைந்த வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது போதாது. டீசல் கால் டேங்கில் இருக்கும்போது, முன்பு நின்ற நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் ஓட விட்டு, இரவு முழுவதும் நிறுத்தி, மறுநாள் காலையில் ஹேண்ட் பம்ப்பைத் தொடாமல் ஒரே செல்ஃபில் பிடித்து நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே லோடு ஏற்ற அனுப்ப வேண்டும்.